தொட்டிக்குள் ஓடும் புள்ளிகள்



அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் விடுமுறை நாளில் கொளத்தூருக்குச் சென்று, காற்றடைத்த பாலிதீன் பைகளில் வண்ண மீன்களை வாங்கிவரும் குடும்பங்களைப் பேருந்திலே நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவை பெரும்பாலும் நன்னீர் மீன்கள்: கப்பி, மோலி, தங்கமீன், சண்டைமீன். ஆனால் ஆசை அத்துடன் அடங்காத சிலரும் நம்மிடையே இருக்கின்றனர். கடல் உப்பை அளந்து கரைத்து, அல்லது கோவளம் பக்கத்திலிருந்து கடல்நீரையே கேனில் நிரப்பி வந்து, கோமாளி மீனும் நீல மீனும் வளர்க்கின்றனர். கடல்நீர்த் தொட்டி என்பது பொறுமையும் பணமும் கேட்கும் வேலை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்ற கணக்குச் சற்றே தவறினாலும் தொட்டியிலுள்ள உயிர்கள் வாடிவிடும்.

இத்தகைய தொட்டியை அமைத்து இரண்டொரு மாதம் கழிந்த பின்னர், ஓர் இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச் விளக்கைக் கண்ணாடியின் மீது அடித்துப் பாருங்கள். வெண்புள்ளிகள் ஓடும். கல்லின் இடுக்கிலிருந்து கூன் முதுகோடு ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறையும். மணலின் மேல் எள் போன்ற ஒன்று உருண்டு செல்லும். காசு கொடுத்து வாங்காத இந்த விருந்தாளிகளைக் கண்டதும் வீட்டில் கலக்கம் பிறக்கிறது. “தொட்டியில் பூச்சி பிடித்துவிட்டது, எடுத்து வெளியே கொட்டுங்கள்” என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். “மருந்து ஊற்றினால் சரியாகிவிடும்” என்று விற்பவர் சொல்வார். வந்திருப்பது யார் என்று அறிவதற்கு முன்பே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. நான் விலங்கியல் படித்தவன் அல்லன், கலைப் பட்டதாரி. எனினும் இந்தச் சிற்றுயிர்களை இனம் காண்பதற்கு விலங்கியல் பட்டம் தேவையில்லை, ஒரு பூதக்கண்ணாடியும் சிறிது நிதானமும் போதும் என்பதை நூல்களாலும் நேரில் பார்த்ததாலும் உணர்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இவை பூச்சிகள் அல்ல. இறால், நண்டு ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தவை. ஓடு போர்த்திய உடலும், கணுக்கணுவான கால்களும், இரண்டு இணை உணர்கொம்புகளும் உடைய இவ்வகுப்பைக் கிரஸ்டேஷியா என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் சமையலறையில் சென்னாக்கூனி என்று காயவைத்துப் பொடியாகவும் தொக்காகவும் உண்கிறோமே, அதுவும் இக்குடும்பத்துச் சிறியதொரு பிள்ளைதான்.

இனம் காணுதல் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு நம் மார்க்க நூல்களிலேயே சான்று உண்டு. இறால் மீனா, மீனல்லவா என்ற பழைய விவாதத்தை ஹனஃபி வீடுகளில் பிறந்தவர்கள் கேட்டே வளர்ந்திருப்பார்கள். ஷாஃபிஈ வழியினருக்கு இதில் தயக்கமில்லை. ஹனஃபி அறிஞர்களிலோ, மீன் வகை என்று கொண்டோர் அனுமதித்தனர். அல்லவென்று கொண்டோர் விலக்கினர். விலங்குகளைப் பற்றிப் பெருநூல் யாத்த கெய்ரோ அறிஞர் அத்தமீரி (மறைவு 1405) இறாலை மிகச் சிறிய மீன் என்றே எழுதிவைத்தார். இன்றைய விலங்கியல் அதனை மீனாகக் கொள்வதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும், உணவுத் தட்டிலிருக்கும் ஒன்றைப் பற்றிய சட்டம் அதன் இனத்தை அறிவதில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி, பார்க்கும் முறைக்கு வருவோம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று, சொட்டு மருந்து ஊற்றும் குழாய் ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று. இவ்வளவே கருவிகள். குழாயால் உறிஞ்சித் தட்டில் விட்டு, அதே தொட்டி நீரைச் சிறிது ஊற்றிப் பாருங்கள். கைப்பேசியின் கேமராவுக்கு முன்னால் லென்சைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டால் ஆற அமரப் பார்க்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி நிறத்தைப் பற்றியது அன்று, நிறம் ஏமாற்றும். உடல் எந்தப் பக்கமாகத் தட்டையாயிருக்கிறது என்பதுதான் கேள்வி. இரு கைகளுக்கு இடையில் வைத்துப் பக்கவாட்டில் அழுத்தியது போல் இருக்கிறதா? மேலிருந்து கட்டைவிரலால் அமுக்கியது போல் இருக்கிறதா? அல்லது நீர்த்துளி போல் முன்னே பருத்துப் பின்னே கூம்பியிருக்கிறதா?

நீர்த்துளி வடிவம் என்றால் அது கோப்பிபாட். கிரேக்க மொழியில் துடுப்புக் கால் என்று பொருள். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் வளராது. கண்ணாடியில் வெட்டி வெட்டி ஓடும் வெண்புள்ளிகள் இவையே. நெற்றியின் நடுவே ஒற்றைக் கண். தாயாக இருப்பின் வாலின் பக்கத்தில் முட்டைப் பை தொங்கும்; சிலவற்றுக்கு ஒன்று, சிலவற்றுக்கு இரண்டு. நீண்ட உணர்கொம்பை மீசைபோல் விரித்து நீரில் மிதப்பது ஒரு பிரிவு. குட்டைக் கொம்போடு கண்ணாடியிலும் கல்லிலும் ஊர்வது மற்றொரு பிரிவு. தொட்டியில் பெருகுவது பெரும்பாலும் ஊரும் பிரிவுதான். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட கோப்பிபாட் இனங்கள் ஏறத்தாழ 13,000. கடலில் மீன்குஞ்சுகளின் முதல் உணவும் இதுவே, பெரும் மீன்வளத்தின் அடித்தளமும் இதுவே. இந்தியக் கடல்களின் கோப்பிபாட்களை ஆராய்ந்து 1929-லும் 1932-லும் பெருநூல்களை வெளியிட்ட செவெல் என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநராகவும் இருந்தவர். ஓர் எள்ளில் பாதியளவுள்ள உயிருக்காக ஒரு மனிதர் தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்றால், நாம் ஐந்து நிமிடம் குனிந்து பார்ப்பது பெரிய காரியமன்று.

என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவர், இப்போது குடும்பஸ்தர், பாடிக்கு அருகில் வசிப்பவர், மாண்டரின் எனப்படும் மிக அழகிய சிறு மீன் ஒன்றை வாங்கியிருந்தார். நீலமும் செம்மஞ்சளும் கோலமிட்டது போன்ற மீன். சில வாரங்களில் கண்ணாடியில் வெண்புள்ளிகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் யோசனைப்படி செம்பு கலந்த மருந்தை ஊற்றினார். மூன்றாம் நாள் புள்ளிகள் ஒன்றுமில்லை. தொட்டி பளிங்கு போல் ஆயிற்று. மகிழ்ச்சியோடு இருந்தார். பிறகு மாண்டரின் மெலியத் தொடங்கியது. வயிறு ஒட்டி, முதுகெலும்பு தெரிய, ஒரு மாதத்துக்குப் பின் இறந்துபோயிற்று. “உணவு போட்டுக்கொண்டுதானே இருந்தேன், ஹஜ்ரத்” என்று என்னிடம் வந்து சொன்னார். அவர் போட்ட உணவை அம்மீன் தொட்டதே இல்லை. மாண்டரின், நாள் முழுவதும் கல் கல்லாகச் சென்று கோப்பிபாட்களைக் கொத்தித் தின்று வாழும் மீன். பூச்சி என்று எண்ணி அவர் அழித்தது தம் மீனின் சோற்றுப் பானையை.

செம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு நல்ல மருந்துதான். நம் தாத்தா காலத்து மயில்துத்தம் செம்புதான். ஆனால் நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே கொடுக்க வேண்டிய மருந்து அது. முதுகெலும்பற்ற சிற்றுயிர்கள் அதைத் தாங்கா. இதில் ஒரு விந்தை உண்டு. இறால், நண்டு ஆகியவற்றின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது நம்மைப் போல் இரும்பு அன்று, செம்பே. உடலுக்குள் அளவோடு உயிர் தரும் அதே பொருள், வெளியே நீரில் மிகுந்தால் உயிர் எடுக்கிறது.

பக்கவாட்டில் தட்டையாகவும் முதுகு வளைந்தும் இருந்தால் அது ஆம்பிபாட். ஒரு சென்டிமீட்டர் வரை வளரும், விரைந்து ஓடும், தட்டில் விட்டால் ஒருக்களித்துப் படுத்தபடியே சுற்றிச் சுற்றி வரும். கடற்கரையில் ஒதுங்கிய பாசியைக் காலால் புரட்டினால் துள்ளித் தெறிக்கும் சிற்றுயிர்கள் இதன் உறவினர். கழிவையும் பாசியையும் தின்று தொட்டியைத் துப்புரவு செய்வதே இதன் தொழில். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அளவு மீறிப் பெருகினால், நீங்கள் உணவை அளவு மீறிப் போடுகிறீர்கள் என்று பொருள். இதிலேயே குச்சி போல் மெலிந்து, பாசியின் நுனியைப் பின்காலால் பற்றிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நிமிர்த்தி ஆடும் ஒரு வகையும் உண்டு. எலும்புக்கூடு இறால் என்று மேலைநாட்டார் அழைப்பர். பிள்ளைகளுக்குக் காட்டினால் உணவை மறந்து பார்ப்பார்கள்.

ஆம்பிபாட் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, சிகாகோ நகரின் ஷெட் கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில் நடந்தது. 1997-ஆம் ஆண்டு, அங்குள்ள நீர் வடிகட்டும் அமைப்பில் குடியேறி வாழ்ந்துகொண்டிருந்த சிறு ஆம்பிபாட்களை ஆய்வாளர்கள் எடுத்துச் சென்றனர். காட்சியகத்துக்கு வருவோர் கண்ணில் படாத, யாரும் விலைகொடுத்து வாங்காத உயிர். அதை இனம் கண்டபோது, பர்ஹயாலே ஹவாயென்சிஸ் எனத் தெரிந்தது. 1853-இல் டானா என்ற அமெரிக்க அறிஞர் பெயரிட்டிருந்த அதே இனம். வெப்பக் கடற்கரைகள் எங்கும் வாழ்வது. நீரின் உப்பு ஏறினாலும் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். 26 டிகிரி வெப்பத்தில் முட்டைக்குள் ஏறத்தாழ பத்தே நாளில் குஞ்சு முழுமையாகும். ஆண்டு முழுவதும் பெருகும். ஓர் உடலில் எந்தக் கால் எங்கே முளைக்க வேண்டும் என்பது எவ்வாறு முடிவாகிறது, இழந்த கால் எவ்வாறு மீண்டும் வளர்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடும் ஆய்வுக்கூடங்களில் இன்று அதன் சந்ததி வளர்க்கப்படுகிறது. 2016-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தனர். அது மனிதனின் தொகுதியைவிடப் பெரியது! நகத்தின் மேல் நிற்கக்கூடிய உயிருக்கு நம்மைவிட நீளமான ஏடு எழுதப்பட்டிருக்கிறது. வடிகட்டியை அன்று யாரேனும் மருந்திட்டுக் கழுவியிருந்தால் அத்தனையும் சாக்கடையோடு போயிருக்கும்.

இதற்காகச் சிகாகோ வரை செல்லவேண்டியதும் இல்லை. சென்னைக் கடற்கரையின் ஆம்பிபாட்களை நாகப்பன் நாயர் என்ற ஆய்வாளர் பட்டியலிட்டு, படங்களோடு 1959-இல் எழும்பூர் அரசு அருங்காட்சியக வெளியீடாகக் கொண்டுவந்தார். அதற்கும் முன்பே, 1927-இல் பாம்பன் அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய நூலை அதே அருங்காட்சியகம் வெளியிட்டது. மெரினாவில் 1909-இல் திறக்கப்பட்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்ட கடல்மீன் காட்சியகத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் தொட்டிச் சுவர்களிலும் இப்புள்ளிகள் ஓடியே இருக்கும்.

மேலிருந்து அமுக்கியது போல் தட்டையாக, ஏழு இணைக் கால்களோடு ஊர்ந்தால் ஐசோபாட். இதன் தரைவாழ் உறவினரை நீங்கள் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் பூந்தொட்டியை நகர்த்தினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஓடி, தொட்டவுடன் சிலவேளை உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே, அதுதான். அம்பத்தூர் மாடித் தோட்டத்துக்குள் நண்டின் உறவினர் குடியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? கடல் தொட்டியில் சுருண்டுகொள்ளும் வகை தீங்கற்றது. சிலந்தி போல் நீண்ட காலோடு புள்ளியாய்த் திரியும் மிகச் சிறிய வகையும் தீங்கற்றது. ஆனால், இந்தக் கூட்டத்தில் பகைவர்களும் உள்ளனர். பெரிய கருங்கண்கள், நெல்மணி போன்ற வழவழப்பான உடல், அம்பு போன்ற நீச்சல், காலையில் பார்த்தால் மீனின் கன்னத்திலோ துடுப்பின் அடியிலோ ஒட்டிக்கொண்டிருத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது சிரோலானிட் என்ற வகை. மீனின் இரத்தத்தையும் சதையையும் உண்பது. இதை மட்டும் தயங்காமல் பிடித்து அகற்றவேண்டும். மருந்தால் அன்று; இரவில் சிறு குப்பிக்குள் இறால் துண்டு வைத்து, மீன்களுக்கு எட்டாதபடி வாயை வலையால் மூடிப் பொறிவைத்துப் பிடிப்பர்.

சகோதரிகளுக்கு ஒரு செய்தி. மீன் சுத்தம் செய்கையில் வாயைத் திறந்தால் நாவின் மேல் வெண்ணிறமான ஒன்று அமர்ந்து விழிப்பதைக் கண்டு திடுக்கிட்டிருக்கிறீர்களா? சைமோதோவா என்ற ஐசோபாட் அது. மீனின் நாவில் தங்கி இரத்தம் உறிஞ்சி வாழ்வது. நம் கடற்கரை மீன்களிலும் இவ்வகை இருப்பதைப் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்து ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அதை எடுத்தெறிந்துவிட்டு மீனைக் கழுவிச் சமைக்கலாம். உண்பவருக்கு அதனால் நோய் வருவதில்லை.

எஞ்சியவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். எள் போன்று இரண்டு ஓட்டுக்குள் உடல் முழுவதையும் மறைத்து உருள்வது ஆஸ்ட்ரகாட். மண் குழாய் கட்டி அதன் வாயில் தலைகாட்டுவது டானைட். கண்ணாடி போன்ற உடலும் காம்புமேல் கருங்கண்ணும் கொண்டு கூட்டமாக நீரில் நிலைத்து நிற்பது மைசிட். மீன்குஞ்சு என்று பலர் ஏமாறுவது இதைப் பார்த்துத்தான். வாலின் இருபுறமும் சிறு மணி போன்ற சமநிலை உறுப்புத் தெரிந்தால் ஐயம் வேண்டாம். இவை யாவும் நல்லவையே. மைசிட், டானைட், ஐசோபாட், ஆம்பிபாட் நான்கிலும் தாய் தன் வயிற்றுப் பையிலேயே முட்டையை அடைகாத்து, தன்னைப் போன்ற உருவிலேயே குஞ்சை வெளியிடுகிறது. அதனால்தான் தொட்டிக்குள் இவை எளிதில் பெருகுகின்றன. நண்டின் குஞ்சு அப்படியன்று. நெற்றியில் முள்ளும் பெரிய கண்ணுமாகத் தாயின் சாயலே இன்றி நீரில் அலையும். அறிஞர்களே அதைத் தனி விலங்கு என்று கருதி ஸோயியா எனப் பெயரிட்டு வைத்திருந்தனர். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் பணியாற்றிய வான் தாம்சன் என்ற இராணுவ மருத்துவர்தான் 1820-களில் அதை வளர்த்துப் பார்த்து, இது நண்டின் குழந்தை என்று காட்டினார். உங்கள் தொட்டியிலும் இரண்டு வேறு உயிர்கள் என்று நீங்கள் எண்ணுவது தாயும் சேயுமாக இருக்கலாம்.

மல்லாந்து நீந்துவது ஆர்ட்டீமியா. மீன்குஞ்சுக்கு உணவாக நீங்களே முட்டை வாங்கிப் பொரிக்கவைப்பது. கேளம்பாக்கம், தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே வாழ்கிறது. தூத்துக்குடியில் இயல்பாக வாழ்ந்துவந்த ஆர்ட்டீமியாவில் ஆண் அநேகமாக இல்லை. பெண்ணிலிருந்து பெண்ணாகவே பெருகுகிறது. அதன் முட்டை உலர்ந்து தூசிபோல் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் உப்புநீர் பட்டதும் உயிர்பெறுவதை ஒருமுறையேனும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இரவில் தொட்டியிலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை கேட்டால், சிறியதாகத் தொற்றி வந்த ஒன்று கல்லுக்குள் வளர்ந்து பெரிதாகியிருக்கிறது. சொடுக்கு இறாலாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. வெட்டுக்கிளி இறாலாக இருந்தால் மீனும் நத்தையும் ஒவ்வொன்றாகக் காணாமற்போகும். 1998-இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் காட்சியகத்தில் இவ்வினம் ஒன்று தொட்டிக் கண்ணாடியையே அடித்து உடைத்தது. வெறுங்கையால் பிடிக்க முயல வேண்டாம்.

“இவை குடிதண்ணீரில் கலந்தால் என்னாகும்?” என்று தாய்மார்கள் கேட்பது நியாயமானதே. கடல்நீரில் வாழ்பவை நன்னீரில் பெரும்பாலும் நெடுநேரம் பிழைப்பதில்லை. இக்கேள்விக்குப் பின்னே வேறொரு பழைய அச்சம் இருக்கிறது. நன்னீரில் வாழும் கோப்பிபாட்டான சைக்ளாப்ஸ், நரம்புச் சிலந்திப் புழுவைச் சுமந்து, படிக்கிணற்று நீரைக் குடித்தவர்களின் உடலுக்குள் செலுத்தி வந்தது. ஓராண்டு கழித்துப் பாதத்தில் கொப்புளம் உடைந்து முழ நீளப் புழு வெளிவரும். அந்தச் சிற்றுயிரை இனம் கண்ட பின், மருந்தில்லாத அந்நோய்க்கு வழி பிறந்தது: நீரைத் துணியால் வடிகட்டிக் குடிப்பது, கிணற்றுக்குள் கால் வைக்காதிருப்பது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை அந்நோயற்றதாக அறிவித்தது.

தொட்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய இரண்டொன்று. கொசுவிரட்டித் திரவக் கருவியைத் தொட்டி இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள். அதிலுள்ள பைரித்ராய்டு மருந்து மனிதருக்கு எளியது. மீனுக்கும் ஓட்டுயிர்களுக்கும் கொடிய நஞ்சு. காற்றேற்றும் குழாயே அதை நீருக்குள் கொண்டு சேர்க்கிறது. காரணம் தெரியாமல் ஒரே இரவில் எல்லாம் மடிந்த தொட்டிகளில் நான் முதலில் கேட்பது இதையே. மாற்றி எடுக்கும் உப்பு நீரை அம்பத்தூர் ஏரியிலோ கொரட்டூர் ஏரியிலோ செடியடியிலோ ஊற்றாமல் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். யாரேனும் மன்னார் வளைகுடாப் பவளக்கல் என்று காட்டி விற்க வந்தால் வாங்க வேண்டாம். பவளப் பாறையும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை, வைத்திருப்பதும் குற்றம்.

இவற்றில் எதனோடும் பொருந்தாத ஒன்று கிடைத்தால், படமெடுத்த பிறகு அதனை மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹாலில் இட்டுச் சிறு குப்பியில் மூடுங்கள். பிடித்த நாள், நீர் எங்கிருந்து வந்தது, கல்லும் மணலும் எங்கே வாங்கியவை, அப்போது நீரின் உப்பளவு என்ன என்பதைப் பென்சிலால் தாளில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் இத்துறை வல்லுநர்கள் இருக்கின்றனர். ஊர்ப் பெயர் எழுதாத குப்பியை மட்டும் அங்கே கொண்டு போகாதீர்கள். எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.